எல்லை தாண்டாத சாட்சி

சரசு அம்மிணி, கண்ணு செல்வராசு, சின்னவளே சாந்தி, மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து இதைப் படியுங்கள். அப்பா எட்டாம் கிளாசோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். மாரியாத்தா எனக்குச் செய்ததை வாயால் பல தடவை பாதி பாதியாகச் சொல்லியிருக்கிறேன். முழுசாகச் சொல்ல வரும்போதெல்லாம் பாதியில் எழுந்து போய்விடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எழுபத்து நாலாம் வருஷம், மாசிக் கடைசி. பெட்டியும் கையுமாக நம் ஊர் வடகரப்பதியில் வந்து இறங்கினேன். சரசு, நீ ஓடி வந்து, "அப்பா, லீவா?" என்று கேட்டாய். பெட்டியை உன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். லீவு இல்லை அம்மிணி. என்னை சஸ்பெண்ட் செய்திருந்தார்கள்.

என் வேலை என்னவென்று உங்களுக்குச் சரியாகத் தெரியாது. அரசாங்க வேலைகளில் நடக்கும் தப்புகளை விசாரிக்கிற விஜிலன்ஸ் ஆபீசில் நான் அட்டெண்டர். விசாரிக்கிறவர்களுக்குக் கூடமாட இருப்பவன். சாட்சிகளுக்கு சம்மன் கொண்டுபோய்க் கொடுப்பேன். எங்காவது சாம்பிள் எடுத்தால் துணிப்பையில் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு உருக்கி விடுவேன். இன்ஸ்பெக்டர் அதில் பித்தளை முத்திரையைப் பதிப்பார். தமிழ்க்காரர்கள் சொல்வதை மலையாளத்தில் எடுத்துச் சொல்வதும் என் வேலை. அந்தத் தமிழுக்காகத்தான் என்னைப் பாலக்காட்டிலிருந்து இடுக்கிப் பக்கம் மாற்றினார்கள்.

சித்திரபுரத்துக்கு மேலே ஒரு எஸ்டேட். தொழிலாளிகள் குடியிருக்கும் லயங்களுக்குப் பின்னால், மேலே போகும் ரோட்டைத் தாங்குவதற்காக அரசாங்கச் செலவில் ஒரு கல்சுவர் கட்டியிருந்தார்கள். ஒரே மழையில் அது வயிறு தள்ளி நின்றது. கல்லுக்கு நடுவில் இருந்த சாந்தை விரலால் சுரண்டினேன், மணலாக உதிர்ந்தது. அதற்குக் கீழேதான் அத்தனை குடும்பங்களும் படுத்துத் தூங்கின.

அந்தச் சாந்தைத்தான் சாம்பிள் எடுத்து முத்திரை வைத்தோம். இன்ஸ்பெக்டர் வேறொரு விசாரணைக்காக பஸ்ஸில் முன்னால் போய்விட்டார். பையை நான் ஜீப்பில் கொண்டுவர வேண்டும். ஜீப் கிளம்பவில்லை. இரவு தங்க நேர்ந்தால் என்று அவர் சொல்லியிருந்தபடி பையை அங்கிருந்த எஸ்டேட் பங்களாவில் ஒரு அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை மடியில் முடிந்துகொண்டு, டிரைவரோடு ஜீப்பை ரிப்பேருக்குத் தள்ளிக்கொண்டு போனேன். மறுநாள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

பரிசோதனை செய்கிற இடத்தில் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது நல்ல சிமெண்டுச் சாந்து. கல் மாதிரி கெட்டி. அரக்கில் முத்திரை மழுங்கிக் கிடந்தது. பங்களா வாட்சர் ராசையாவைக் கேட்டார்கள். "இருந்த ஒரே சாவியை அட்டெண்டர் கையில் கொடுத்தேன். அவர் கான்ட்ராக்டர் ஆளோடு தனியாகப் பேசினதைப் பார்த்தேன்" என்று அவன் எழுதிக் கொடுத்துவிட்டான்.

அவ்வளவுதான். பையை மாற்றியவன் நான் என்று ஆகிவிட்டது. பங்குனியில் எறணாகுளத்தில் விசாரணை. எனக்குச் சாட்சி இருந்தால் கூட்டி வரலாம் என்றார்கள். பூட்டிய அலமாரிக்கு நான் எங்கே போய் சாட்சி தேடுவேன்?

ஊருக்குள் சேதி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருவர், "என்னுங்க பழனிச்சாமி, மலைமேல செவுத்தையே தின்னுட்டீங்களாமா? செரிச்சுதுங்களா?" என்று கேட்டார். கடையே சிரித்தது. அன்றிலிருந்து நான் வெளியே போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். கிணற்றடிக்குப் போனால் எட்டிப் பார்க்கத் தோன்றியது. இதற்கு மேல் அதை எழுத வேண்டாம்.

உங்கள் அம்மாதான் என்னைத் தூக்கி நிறுத்தினாள். "ஏனுங்க, தப்புப் பண்ணாத மனுசன் எதுக்குங்க மொகத்த மூடீட்டுப் படுத்துக் கெடக்கறீங்கோ? எந்திரிங்க. மலைக்குப் போயி ஆராச்சும் பாத்தாங்களான்னு கேளுங்க. இங்க படுத்துட்டு இருந்தா அந்த மாரியாத்தா வந்து எழுப்பியா உடுவா?" என்றாள்.

போனேன். ராசையா என்னைக் கண்டதும் பங்களாக் கதவைச் சாத்திக்கொண்டான். வெளியே தண்ணீர்க் குழாயடியில் திகைத்து நின்றேன். அங்கே பங்களாவைக் கூட்டிப் பெருக்கித் தண்ணீர் எடுத்து வைக்கிற முத்துலட்சுமி குடத்தோடு வந்தாள்.

"அண்ணாச்சி, உங்க மேல என்னமோ பழியாமே? நெசமா?"

"ஆமா தங்கச்சி. பையை மாத்தீட்டனாமா."

அவள் குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்துத் திறந்துவிட்டாள். "நீங்க சீப்பத் தள்ளிக்கிட்டுப் போன சாயங்காலம் நான் பாத்தேனே! ராசையா அண்ணனும் கான்ட்ராக்டரு ஆளும் பின்கட்டுல அந்தப் பையப் பிரிச்சு வச்சுக்கிட்டு இருந்தாவ. அடுப்புல அரக்கு உருக்குத வாசம். ஆபீசு வேலைன்னுல்லா நெனச்சேன். அலமாரிக்கு ரெண்டு சாவி உண்டு அண்ணாச்சி, ஒங்களுக்குத் தெரியாதா?"

நான் அவள் பக்கம் ஓரடி வைத்தேன். "எறணாகுளத்துல வந்து இதைச் சொல்லுவியா?"

"கண்ணால பாத்ததுக்கு என்ன? சொல்லுதேன்."

விசாரணை நாளைச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. மெதுவாக வலது கையை நீட்டிக் காட்டினாள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. முந்தின நாள்தான் எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடிந்து அதை அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. உங்களுக்குத் தெரியும். உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகலாம், சொல்லிக் கொடுங்கள். விசாரணை நாள் திருவிழாவுக்கு நட்ட நடுவில் வந்தது.

அவள் மகளுக்கு அம்மை போட்டு, குழந்தை கண்ணே திறக்காமல் கிடந்து பிழைத்திருக்கிறது. அதற்காக இந்த வருஷம் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டிருந்தாள்.

குழாய்த் தண்ணீர் குடம் நிரம்பி வழிந்து ஓடியது. பிறகு அவளே சொன்னாள்.

"உங்க புள்ளையளுக்குச் சோறு இதானே அண்ணாச்சி. ஒரு சொல்லு சொல்லுங்க, அறுத்துட்டு வாரேன். ஆத்தாகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

சொல்லிவிட்டு இடது கையால் முடிச்சைப் பிடித்தாள். ஆனால் இழுக்கவில்லை, என் முகத்தையே பார்த்தாள். ஒரு சொல் சொன்னால் எனக்கு வேலை திரும்பக் கிடைக்கும். உங்கள் மூன்று பேர் முகமும் அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது. அவள் மகளை நான் பார்த்ததில்லை. ஆனால் பார்க்காத அந்தக் குழந்தையும் வந்து நின்றது.

"வேண்டாம் தங்கச்சி. கைய எடு" என்றேன்.

அழுதுகொண்டே கீழே இறங்கினேன். வழியில் தகரக் கொட்டகை போட்ட மாரியம்மன் கோயில். உள்ளே போகாமல் வெளியிலேயே நின்றேன். எனக்கு மந்திரம் தெரியாது. "ஆத்தா, என் வேலைக்காக உன்ற காப்ப அவுக்கச் சொல்ல மாட்டேன். எனக்கு வேற சாட்சி இல்ல. இனி நீயாச்சு" என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. பூ விழவில்லை, பல்லி சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன். ஆனால் அழுகை நின்றிருந்தது.

விசாரணை நாளன்று எறணாகுளத்தில் நான் ஒருவன்தான் நின்றேன். விசாரணை அதிகாரி கிறிஸ்தவர், பெரிய கண்டிப்பு என்று பெயர். அவர் மலையாளத்தில் கேட்டதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"என்னய்யா, சாட்சி எங்கே?"

காப்பு விஷயத்தைச் சொன்னேன். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த கிளார்க் சிரித்துவிட்டார். "உற்சவம் முடிஞ்சதும் சாட்சி வரும் சாரே. கூடவே பாயசமும் கொண்டுவரும்."

அதிகாரி சிரிக்கவில்லை. "அவள் வர மாட்டேன் என்று சொன்னாளா?"

"இல்ல சார். அறுத்துட்டு வர்றேன்னுதான் சொல்லுச்சு. நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"வேலை போய்விடும் என்று தெரிந்துமா?"

"தெரிஞ்சுதானுங்க சார்."

அவர் பேனாவை மூடினார். கிளார்க் பக்கம் திரும்பினார். "நானும் இப்போது ஈஸ்டருக்கு முந்தின அம்பது நோம்பில் இருக்கிறேன். நேற்று ஒரு விருந்தில் இலை முன்னால் உட்கார்ந்து இறைச்சியைத் தொடாமல் எழுந்து வந்தேன். என்னையும் பார்த்துச் சிரிப்பாயா?" கிளார்க் குனிந்துகொண்டார். "விரதத்துக்குப் பயப்படுகிற பெண் பொய்க்கும் பயப்படுவாள். அவள் எல்லையை விட்டு வர வேண்டாம். நாளைக்கு நாம் அங்கே போவோம்."

நான் அந்த அறையிலேயே கும்பிட்டேன். அவரைக் கும்பிட்டதாக அவர் நினைத்திருப்பார்.

மறுநாள் மத்தியானம் ஜீப் எஸ்டேட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. கொட்டு மேளம் நின்றது. கோயில் பெரியவர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு வந்து, "ஐயா, விசாரணையெல்லாம் நடத்துங்க. செருப்போட மட்டும் கொட்டகைக்குள்ள வரப்படாது" என்றார். அதிகாரி அங்கேயே குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். கிளார்க்கும் அவிழ்த்தார்.

முத்துலட்சுமி மஞ்சள் சேலையோடு வந்து நின்றாள். "கேளுங்க சார். ஆத்தா முன்னால நிக்கேன்" என்றாள். குழாயடியில் என்னிடம் சொன்னதையே சொன்னாள், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. அன்றைக்கு அவள் பேச்சை மலையாளத்தில் எடுத்துச் சொல்ல என்னை விடவில்லை. நான் குற்றவாளி ஆயிற்றே. எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் ஒருவர் எடுத்துச் சொன்னார்.

அடுத்து அதிகாரி ராசையாவைக் கூப்பிட்டார். கூட்டத்தின் பின்னாலிருந்து வந்தான். அப்போதுதான் பார்த்தேன், அவன் கையிலும் காப்பு. அந்த எஸ்டேட்டில் காப்புக் கட்டாத வீடு கிடையாது.

"முன்பு எழுதிக் கொடுத்ததை இங்கே நின்று ஒரு தடவை வாயால் சொல்" என்றார் அதிகாரி.

ராசையா வாயைத் திறந்தான். திரும்ப மூடிக்கொண்டான். கையைப் பார்த்தான். அம்மனைப் பார்த்தான். கூட்டத்திலிருந்து ஒரு பொம்பளை, "சொல்லுமய்யா, ஆத்தா கேக்காள்லா" என்றாள். அவன் மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

"ரெண்டாவது சாவி நான்தான் சார் குடுத்தேன். கான்ட்ராக்டரு எம்மவனுக்கு வேலை போட்டுத் தாரேன்னு சொன்னாரு. அண்ணாச்சி மேல ஒரு தப்பும் இல்ல."

பிள்ளைகளே, இந்த இடத்தில் நன்றாக யோசித்துப் பாருங்கள். முத்துலட்சுமி காப்பை அறுத்துக்கொண்டு எறணாகுளத்துக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவள் சொல் ஒன்று, ராசையா எழுதிக் கொடுத்தது ஒன்று. ஒரு கூலிக்காரப் பெண்ணின் பேச்சை அங்கே யார் எடுத்துக்கொள்வார்கள்? நான் கேட்டது ஒரு சாட்சி. ஆத்தா அவளைத் தன் எல்லைக்குள் நிறுத்திக்கொண்டு, விசாரணையையே தன் வாசலுக்கு வரவழைத்தாள். அடைத்துவிட்டாள் என்று நான் நினைத்த வழியில்தான் எனக்கு விடுதலை வந்தது.

சித்திரை முதல் வாரம் என்னைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். சுவரில் புதிதாக சாம்பிள் எடுத்தார்கள். கான்ட்ராக்டர் மேல் கேஸ் ஆனது. வைகாசியில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன்னால் அந்தச் சுவரை இடித்து வேறு கட்டினார்கள். இன்றைக்கும் அது நிற்கிறது. முத்துலட்சுமி தீச்சட்டி எடுத்தாள். அதற்குப் பிறகு வருஷா வருஷம் பங்குனியில் நம் வீட்டிலிருந்து அவளுக்கு ஒரு மஞ்சள் சேலை போகிறது. ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தீர்களே, இதுதான் காரணம்.

அந்த வருஷத்திலிருந்து நான் சம்மன் கொடுக்கப் போகும் வீட்டில் முதலில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறேன். குற்றம் சாட்டப்பட்டவன் என்றாலே குற்றவாளி என்று நினைக்க இப்போது என்னால் முடிவதில்லை. உங்களுக்கும் ஒரு நாள் எல்லா வழியும் அடைபடும். அப்போது அடுத்தவர் நேர்த்திக்கடனை உடைத்து உங்கள் வழியைத் திறக்கப் பார்க்காதீர்கள். ஆத்தாவிடம் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். அவள் வருவாள். எந்தப் பக்கமாக வருவாள் என்று மட்டும் நீங்கள் முடிவு பண்ணாதீர்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

ராசையாவின் வேலை போய்விட்டது. குடும்பத்தோடு சக்குபள்ளம் பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். திரும்ப வேலையில் சேரும் முதல் நாள், பொழுது விடிந்ததும் நம் ஊர் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். பூசாரி இன்னும் வந்திருக்கவில்லை. நம் வீட்டுப் பேரைச் சொல்லி ஒரு அகல் ஏற்றினேன். கிளம்பலாம் என்று திரும்பினேன், கால் வரவில்லை. கிண்ணத்தில் மிச்சம் இருந்த எண்ணெயை இன்னொரு அகலில் ஊற்றி, ராசையா பேரையும், பேர் தெரியாத அவன் மகனையும் சொல்லி ஏற்றினேன். காற்றுக்கு அது அணையப் பார்த்தது. திரி நின்று எரிகிற வரைக்கும் கையால் மறைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.