கணவர் புலம்பல்

என் மனைவி எண்பத்து மூன்று வயதில் இறந்துபோனாள். அவளுடைய கல்வெட்டில் 'கணவர் புலம்பல்' என்ற பக்கத்தின் கீழ் என் பெயர் அச்சாகியிருக்கிறது. அந்தப் புலம்பலை நான் எழுதவில்லை.

இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பையும், கணவர், மக்கள், பேரப்பிள்ளைகள் புலம்புவதாகப் பாடல்களையும் சேர்த்து, முப்பத்தொன்றாம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் சிறு புத்தகத்தைத்தான் எங்கள் ஆட்கள் கல்வெட்டு என்கிறார்கள். ஊரை விட்டு வந்து குடியேறிய ஸ்காபரோவில் முப்பது வருடங்களுக்கு மேலாக அந்தப் பாடல்களுக்கு என்னிடம் வந்தார்கள். ஊரில் நான் தமிழ் படிப்பித்தவன். இங்கே வந்து ஒரு அலுவலகக் கட்டடத்தின் வாசலில் செக்கியூரிட்டி வேலை செய்தேன். யூனிபோர்மோடு பஸ்ஸில் போகும்போதுகூட யாராவது "மாஸ்ரர்" என்று கூப்பிட்டு எழும்பி இடம் விடுவார்கள். அந்தக் கல்வெட்டுப் பாடல்களால் கிடைத்த மரியாதை அது.

பாடல்களை எல்லாம் கட்டியவள் அவள்.

வந்த புதிதில் நாங்கள் வெக்ஸ்போர்ட்டில் ஒரு பேஸ்மெண்டில் இருந்தோம். மேல்வீட்டுக்காரரின் தாய் செத்துப்போக, மாஸ்ரர்தானே, எழுதித் தாங்கோ என்றார்கள். இரண்டு நாள் குந்தியிருந்தேன். அகராதிச் சொற்கள் வந்தன, அழுகை வரவில்லை. அவள் அரிசி கழுவிக்கொண்டே, "இஞ்சாருங்கோ, இப்படிப் போட்டால் என்ன?" என்று நாலு வரி சொன்னாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நான் பேனையை எடுத்து எழுதினேன். புத்தகம் வந்தபோது கீழே என் பெயர். அவள் அந்தப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்து, "வடிவா அடிச்சிருக்கிறாங்கள்" என்றாள். வேறு ஏதாவது கேட்பாளோ என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அதோடு எனக்குத் துணிவு வந்துவிட்டது.

அவள் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் பாண் பொதி செய்கிற வரிசையில் இருபத்திரண்டு வருடம் நின்றாள். வேலை முடிந்து வந்தால் பேரப்பிள்ளைகள். மகள் வேலைக்குப் போக, மூன்று பேரையும் குளிப்பாட்டி, சோறு தீத்தி வளர்த்தது அம்மம்மாதான். பழைய சீலைகளைப் பிரித்து யன்னல் திரை தைப்பாள். பனிக்காலம் முழுக்க ஒரு கறிவேப்பிலைக் கன்றைப் பிள்ளைபோல வீட்டுக்குள் இடம் மாற்றி மாற்றி வைத்துக் காப்பாற்றுவாள்.

செத்தவீடென்றால் நான் முன்னறையில் ஆம்பிளைகளோடு இருந்து இறந்தவரின் பதவிகளைக் குறித்துக்கொள்வேன். அவள் குசினிக்குள் போய் வெங்காயம் உரிப்பாள். செத்த மனுசிக்கு என்ன கறி பிடிக்கும், யாரோடு கோபம், கடைசியாகக் கடையில் என்ன வாங்கினவ என்று அங்கே நிற்கிற பெண்களிடம் கேட்பாள். அடுத்த நாள் அவள் வேலை முடிந்து வரும்போது பாட்டு இருக்கும். நான் எழுத்துப்பிழை பார்த்தேன், தளை பார்த்தேன். திருத்துகிறேன் என்று பல இடங்களில் கெடுத்தும் இருக்கிறேன். திருத்தியவன் நான், ஆகவே பாட்டு என்னுடையது என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன்.

அவள் போன பிறகு, கல்வெட்டை ஒரு கிழமைக்குள் தரவேண்டும் என்று அச்சகத்தில் கேட்டார்கள். மகள், "அப்பா, அம்மான்ர வாழ்க்கையை நீங்கள்தான் எழுதவேணும்" என்றாள். வாழ்க்கைக் குறிப்பு எழுதினேன். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்று ஒரு பக்கத்தில் அவள் முடிந்துபோனாள். புலம்பலுக்கு ஒரு வரியும் வரவில்லை. அறுபது வருடம் என்னோடு இருந்தவளுக்கு என்ன கறி பிடிக்கும் என்று யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. மற்றவர்களுக்குப் பரிமாறி முடிந்து, மிஞ்சியதை நின்றபடி சாப்பிடுகிறவள்தான் ஞாபகத்துக்கு வந்தாள்.

கடைசியில் பழைய கல்வெட்டுகளைக் கிளறினேன். பதினைந்து வருடத்துக்கு முன் மனைவியை இழந்த ஒருவருக்காக அவள் கட்டிய புலம்பல் கிடைத்தது. அந்த மனிதரும் இப்போது உயிரோடு இல்லை. ஆருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது என்று ஊரின் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

*இரண்டுகோப்பை எடுத்துவைத்தேன் இன்றைக்கும் மறந்துபோய்*
*ஒன்றையுள்ளே வைப்பதற்கோ உயிரோடு நானிருந்தேன்*

முப்பத்தொன்று அன்று மண்டபத்தில் அந்த இரண்டு வரியையும் வாசித்து அழாதவர்கள் குறைவு. "மாஸ்ரர், எத்தினையோ பேருக்கு எழுதினனீங்கள். உதுதான் எல்லாத்திலும் திறம்" என்று ஒருவர் என் கையைப் பிடித்தார். நான் தலையை ஆட்டினேன்.

சாப்பாடு முடிகிற நேரம் அவளோடு பேக்கரியில் வேலை செய்த பெண் வந்து பக்கத்தில் இருந்தாள். கல்வெட்டு அவள் மடியில் விரிந்திருந்தது.

"மாஸ்ரர், உந்தக் கோப்பைப் பாட்டு அக்கா லைன்ல நிண்டு கட்டினதெல்லே?"

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"பாண் தட்டில விரலால தட்டித் தட்டிச் சொல்லிப் பார்ப்பா. நாங்கள் நாலைஞ்சு பேர் நிண்டு அழுவம். சுப்பவைசர், ஆருக்கும் கை கிய் வெட்டிப்போட்டுதோ எண்டு ஓடி வருவான்." சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். "உங்கட பேரைப் போடுங்கோவன் அக்கா எண்டு நான் ஒருக்கால் கேட்டனான்."

"என்ன சொன்னவ?"

"விடடி, அந்த மனுசனுக்கு இஞ்ச வேற என்ன இருக்கு எண்டு சொன்னவ."

நான் அவளிடமிருந்து களவெடுத்ததாக நினைத்துப் பயந்து வாழ்ந்திருக்கிறேன். அவள் பார்த்து இரங்கித் தந்திருக்கிறாள். இரண்டில் எது பெரிய வெட்கம் என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் இப்போது இருக்கும் பிக்கரிங்குக்குத் திரும்பும் வழியில், காருக்குள் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அம்மாட்ட ஒருநாளாவது, நல்லாயிருக்கு எண்டாவது சொன்னனீங்களோ?"

"இல்லை."

வீட்டு வாசலில் காரை நிறுத்தி, என் பக்கத்துக் கதவைத் திறந்து, கையைப் பிடித்து இறக்கினாள். வழக்கமாகச் சொல்கிற "கவனம் அப்பா" மட்டும் அன்றைக்கு வரவில்லை.

போன கிழமை ரெக்ஸ்டேலிலிருந்து ஒரு தம்பி போன் எடுத்தார். தாய் மோசம் போய்விட்டாவாம். கல்வெட்டுக்குப் பாட்டு வேண்டுமாம். இந்தமுறை சொல்லிவிடுவதென்று முடிவெடுத்தேன்.

"தம்பி, எனக்குப் பாட்டு எழுத வராது. இவ்வளவு காலமும் எழுதினது என்ர மனுசி. நான் பேரை மட்டும் போட்டனான்."

அவர் மிகவும் பணிவாக, "விளங்குது மாஸ்ரர். அன்ரி போன கவலையில கதைக்கிறீங்கள். அவவில எவ்வளவு பாசம் எண்டு உந்தக் கதையிலயே தெரியுது" என்றார்.

"இல்லைத் தம்பி, நான் உண்மையைத்தான் சொல்லுறன்."

"ஓம், ஓம். அவசரமில்லை, மாஸ்ரர். ஆறுதலா எழுதித் தாங்கோ."