பூண்டு சேர்க்காதவன் வாயில் பூண்டு வாடை

ஜெயசீலியின் படிகங்களை நாசமாக்கியவன் நான்தான். பழியைத் தூக்கி அவள் தலையிலேயே போட்டவனும் நான்தான். மன்னிப்பு கின்னிப்பு ஏதாவது கையில் வைத்திருந்தால் அங்கிட்டே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு உங்களைப் பிடிக்கவில்லை. என்னையும்தான்!

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் வேதியியல் பேராசிரியர். அவள் மீமிசல்காரி, என்னிடம் ஆராய்ச்சி செய்தவள். டெல்லூரியமும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கைகோத்து, வெளியே கார்பன் வளையங்களைப் போர்த்திக்கொண்டு நிற்கும் பெரிய பெரிய கூண்டுகள்... அவற்றைச் செய்வதுதான் அவள் வேலை. செய்தால் போதாது. படிகமாக வளரவேண்டும். படிகத்தை எக்ஸ்ரேயில் வைத்தால்தான் எந்த அணு எங்கே நிற்கிறது என்று தெரியும். தெரிந்தால்தான் பட்டம்.

வளர்த்துவிட்டாள்! சின்னக் குப்பிக்குள், கரைப்பானுக்கு அடியில், கற்கண்டு போல. குப்பியில் 'தொடாதீர்கள்' என்று சீட்டும் ஒட்டினாள். ஆயுத பூஜை விடுமுறை முடிந்ததும் சென்னைக்கு எடுத்துப்போய் எக்ஸ்ரே பார்ப்பதாக ஏற்பாடு.

பூஜையன்று எல்லோரும் ஊருக்குப் போய்விட, ஆய்வகத்தில் நான் ஒருவன்தான். தராசுக்குச் சந்தனம், அடுப்புக்குக் குங்குமம். அதோடு விட்டேனா? எனக்கு ஒரு ஆசை... அந்தப் படிகங்களையும் சாமிக்கு முன்னால் மினுமினுக்க வைக்கவேண்டும். கரைப்பானை வடித்துவிட்டு, படிகங்களைக் கண்ணாடித் தட்டில் கொட்டினேன். கூண்டுகளுக்கு இடையே தங்கியிருக்கும் கரைப்பான் பறந்துவிட்டால் படிகம் உதிர்ந்துவிடும். இது பாடம். நடத்துகிறவன் யார்? நான்!

சூடம் காட்டி முடிப்பதற்குள் கற்கண்டு கோலமாவு ஆகிவிட்டது.

பயம் வந்தால் மனிதன் ஓடுவான். எனக்கோ விரல்தான் ஓடியது. கையுறைகூட இல்லாமல் பொடியை வழித்துக் குப்பிக்குள் தள்ளி, புதுக் கரைப்பான் ஊற்றி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பொரிகடலையை அள்ளித் தின்றேன். என்ன அறிவு!

விடுமுறை முடிந்து வந்தவள் குப்பியைத் தூக்கிப் பார்த்தாள்.

"சார், யாரு சார் இதைத் தொட்டா?"

"ஏம்மா, மூடியை ஒழுங்கா மூடாமப் போயிட்டு ஊரைக் கேக்குறியா?"

ஆய்வுக் குழுவின் முன்னாலும் அதையே சொன்னேன். கவனக்குறைவு என்றேன். என் வாய் கூசவில்லை... நாறியது! டெல்லூரியம் உடம்புக்குள் போய்விட்டால் மூச்சில் பூண்டு வாடை அடிக்கும். வாரக்கணக்கில் போகாது. ஏலக்காய், பாக்கு, பற்பசை... எதற்கும் மசியவில்லை. வீட்டில் என் மனைவி தலையணையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

குழு கலைந்ததும் ஜெயசீலி என் பக்கத்தில் வந்து நின்றாள். மூச்சை ஒருமுறை இழுத்தாள்.

"சார், பூண்டு சாப்பிட்டீங்களா?"

"ஆமாம்மா. வீட்ல பூண்டுக் கொழம்பு."

"நீங்கதான் பூண்டே சேத்துக்க மாட்டீங்களே சார்."

அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? அதுதான் எனக்கு ஆத்திரம்! கத்தியிருக்கலாம். குழுவைக் கூப்பிட்டு என் வாயை மோந்து பார்க்கச் சொல்லியிருக்கலாம். பாவி, அப்படி ஒரு சண்டையைக்கூட எனக்குத் தரவில்லையே! சொன்னால் யார் நம்புவார்கள் என்று நினைத்தாளா? இல்லை... கையெழுத்துப் போடவேண்டியவன் நான்தானே என்று பயந்தாளா?

மறுபடி மறுபடி செய்து பார்த்தாள். பிசின்தான் வந்தது. உதவித்தொகை நின்றதும் போய்விட்டாள். இப்போது அறந்தாங்கியில் டியூஷன் எடுக்கிறாளாம். பேருந்து அந்த ஊருக்குள் நுழைந்தால் நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வேன். நடிப்பில் எனக்குக் குறையே கிடையாது.

வாடை எப்போதோ போய்விட்டது. போகாமல் இருந்திருக்கலாம்.

இந்த வருட ஆயுத பூஜைக்கு ஆய்வக உதவியாளர் அந்தக் குப்பியைத் தேடி எடுத்து, அவள் ஒட்டிய 'தொடாதீர்கள்' சீட்டின் மேல் சந்தனப் பொட்டு வைத்தார். "நம்ம ஜெயசீலி பொண்ணு செஞ்சது சார். பாவம், மூடியைச் சரியா மூடாம விட்டுருச்சு" என்றார்.

கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை.