மூன்று நாள் பாகற்காய்

போன மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம், கடலூரில் எங்கள் வீட்டில் நானும் மகளும் ஓர் ஆவணப்படம் பார்த்துக்கொண்டிருந்தோம். பசிபிக் கடலடியில் மூழ்கிக் கிடந்த ரஷ்ய நீர்மூழ்கிக் கப்பலை அமெரிக்கர்கள் ரகசியமாகத் தூக்கப் போன கதை. தூக்கும்போது பாதி வழியில் அது உடைந்து, பெரும்பகுதி திரும்பக் கீழே போய்விட்டது. கடலடியில் தாதுக்கல் எடுக்கப் போவதாக ஊருக்குச் சொன்ன பொய்யைத்தான் அவர்கள் வீட்டிலும் சொன்னார்களாம்.

"வீட்ல இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியாமப் போவும்? நானா இருந்தா ஒரே நாள்ல கண்டுபுடிச்சிருப்பேன்" என்றேன்.

மகள் படத்தை நிறுத்தினாள்.

அவள் சிதம்பரத்தில் விடுதியில் தங்கி கடல் உயிரியல் படிக்கிறாள். சுனாமிக்குப் பிறகு எனக்குக் கடல் என்றாலே பயம். படகில் ஏற மாட்டேன் என்று அவள் சொன்ன பிறகுதான் சேர்த்துவிட்டேன். தினமும் மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அதைப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

"நடுவுல மூணு நாள் பாவக்கா படம் வந்துச்சில்ல, அது என் தட்டு இல்லம்மா."

அறைத்தோழியின் தட்டு. அந்த மூன்று நாளும் இவள் பரங்கிப்பேட்டைக்கு அப்பால், ஆசிரியர்களோடு படகில் ஆய்வுக்காகக் கடலடிச் சேறு எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கடைசி நாள் இன்ஜின் நின்றுவிட்டது. சிக்னல் இல்லை. காலையிலிருந்து அலையோடு போய்க்கொண்டிருந்தவர்களை, சாயங்காலம் எங்கள் கடலூர் முதுநகர் துறைமுகத்து மீன்பிடிப் படகு ஒன்று கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறது.

வீட்டில் பாகற்காயைத் தொடாதவளை விடுதி திருத்திவிட்டது என்று என் தங்கையிடம் பெருமை பேசியவள் நான். அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். விட முடியவில்லை.

"அடுத்த மாசம் மறுபடி போவணும். நீ வேணாம்னா படிப்ப விட்டுடறேன்" என்றாள்.

மணிக்கட்டை விட்டுவிட்டுச் சொன்னேன்: "போ. ஆனா சொல்லிட்டுப் போ."

மறுநாள் துறைமுகத்துக்குப் போய் அந்தப் படகுக்காரரைத் தேடிக் கண்டுபிடித்துக் கும்பிட்டேன். அவருக்குக் கூச்சமாகிவிட்டது. கயிறு போட்டு இழுத்ததோடு சரி, அதற்குப் போய் இவ்வளவு தூரம் வந்தீர்களா என்று கேட்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

நேற்று மகள் படகேறினாள், சொல்லிவிட்டு. இன்று காலையிலிருந்து போன் அடித்தாலே ஓடிப்போய் எடுக்கிறேன். மத்தியானம் அறைத்தோழியிடமிருந்து ஒரு படம் வந்தது. தட்டில் சோறு, ரசம், பாகற்காய். கீழே எழுதியிருந்தாள்: "இது என் தட்டுதாம்மா. நீங்களும் சாப்புடுங்க."

எழுந்து போய் சோறு போட்டுக்கொண்டேன்.