சூடான மெஷினுக்குப் பத்து நிமிஷம்

காய்ந்த இலையை ஊதித் தள்ளுவது என் வேலை. என்னைத் தள்ளப் பார்ப்பது சூப்பர்வைசர் வேலை. ஈப்போவுக்கு வெளியே, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது தாமான் என்கிற வீடமைப்புப் பகுதியாகிவிட்ட இடத்தில், எட்டு வருஷமாக முதுகில் இலை ஊதும் புளோவரைக் கட்டிக்கொண்டு சாலை சுத்தம் செய்கிறேன். இதே மண்ணில்தான் பால்மரம் வெட்டிப் பாலும் எடுத்தேன். நாலாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஆனாலும் யார் என்னை என்ன சொன்னார்கள் என்பதில் ஒரு சொல்கூட மறக்கவில்லை. மெஷினைக் கிளப்பக் கயிறு இழுத்தே தோள்பட்டை இறங்கிப்போன சக தொழிலாளிகளே, உங்களுக்கும் இப்படி ஒருத்தன் வாய்த்திருப்பான். எனக்கு வாய்த்தவன் பெயர் குணா. என் மகன் வயது.

முதல் கடுதாசி

எங்கள் குத்தகைக் கம்பெனியில் மூன்று எச்சரிக்கைக் கடுதாசி வந்தால் வேலை போய்விடும். அறுபத்துநாலு வயதில் எனக்கு வேறு யார் வேலை தருவார்கள்? 

ஒரு டாங்கி பெட்ரோல் எண்ணெய் தீரும்போது புளோவரின் புகைக்குழாய், எச்சில் பட்டால் சீறுகிற அளவுக்குக் கொதிக்கும். அதன் மேல் ஒரு சொட்டு பெட்ரோல் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் மெஷினை நிறுத்தி, இலை இல்லாத வெறுந்தரையில் வைத்துப் பத்து நிமிஷம் ஆறவிடுவேன். பிறகுதான் மூடியை மெல்லத் திருகி, உள்ளே அடைபட்ட ஆவியை வெளியே விட்டு, எண்ணெய் ஊற்றுவேன். அந்தப் பத்து நிமிஷம் மரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். அப்படி ஒருநாள் உட்கார்ந்திருந்தபோது குணா மோட்டார் சைக்கிளில் வந்தான். ஒன்றும் கேட்காமல் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போனான். மறுநாள் கடுதாசி வந்தது. கூட வேலை செய்யும் முனியாண்டிதான் படித்துச் சொன்னான்: வேலை நேரத்தில் ஓய்வு எடுத்தேனாம். நேரே குணாவிடம் போய் விஷயத்தை விளக்கினேன். அவன் சிரித்தான்.

“அண்ணே, எண்ணெ ஊத்த ஒரு நிமிஷம் போதும் லா. மிச்சம் ஒம்போது நிமிஷம் நீங்க தூங்கறதுக்கு.”

இரண்டாவது கடுதாசி

இந்த மெஷினுக்கு வெறும் பெட்ரோல் ஆகாது. அதில் டூ-டி என்கிற இஞ்சின் எண்ணெயை அளவாகக் கலந்து, கேனைக் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். ஒருநாள் குணா மினரல் வாட்டர் போத்தலில் வெறும் பெட்ரோலைக் கொண்டுவந்து, எங்கள் சோற்றுப் பைகளுக்குப் பக்கத்தில் வைத்தான். எண்ணெய் கலக்கவில்லை, அதுவும் குடிக்கிற போத்தல். தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

என்னை மட்டம் தட்டுவதற்காக ஒரு மெஷினில் அவனே ஊற்றினான். தானே அதை முதுகில் மாட்டிக்கொண்டு, பின்னால் நின்று கயிற்றை இழுக்கும்படி முனியாண்டியிடம் சொன்னான். முறைப்படி மெஷினைத் தரையில் வைத்து, ஒரு கையால் அழுத்திப் பிடித்து, கயிறு இறுகும் வரை மெல்ல இழுத்து, அதற்குப் பிறகுதான் வெடுக்கென்று இழுக்க வேண்டும். இவனோ வேக விசையை முழுசாகத் திறந்து வைத்திருந்தான். மெஷின் பிடித்த வேகத்தில் குழாய் திரும்பி, ஒரு சீனத்து அம்மா கொடியில் போட்டிருந்த வெள்ளைத் துணி முழுக்கச் சாலைப் புழுதியை வாரி அடித்தது. எண்ணெய் கலக்காததால் அரைமணியில் மெஷினும் இறுகி நின்றுவிட்டது. கடுதாசி மட்டும் எனக்கு வந்தது: சொன்ன வேலையை மறுத்தேனாம். முனியாண்டி அதை இரண்டு தரம் படித்தான்.

“மச்சான், அவன் ஓட்டுன மெஷினு செத்துப்போச்சு. ஓட்டாத ஒனக்குக் கருமாதிக் கடுதாசி.”

எலுமிச்சம்பழத்தின் மேல் கற்பூரம்

செத்த மெஷினுக்குப் பதில் புதிதாக ஒன்று வந்தது. கொஞ்ச நாளில் ஆயுத பூசை. வருஷா வருஷம் ஸ்டோரில் மெஷின்களைத் துடைத்து வரிசையாக வைத்துப் படைப்போம். கற்பூரம் ஏற்றுகிற இடம் என்பதால் முதல் நாளே என் மெஷினில் இருக்கும் எண்ணெயைக் கேனில் கொட்டிவிட்டு, தானாக நிற்கும் வரை ஓடவிடுவேன். முனியாண்டியும் அப்படித்தான் செய்வான். கேன்கள் வெளியே கால்வாய் ஓரத்துக்குப் போய்விடும். இந்த வருஷமும் அப்படியே செய்து, என் மெஷினின் மூடியும் டாங்கியும் சேருகிற இடத்தில் சந்தனத்தைப் பட்டையாகப் பூசினேன்.

பூசை முடிந்ததும் எல்லார் முன்னாலும் புது மெஷினை ஓட்டிக் காட்ட குணாவுக்கு ஆசை. ஸ்டோருக்குள்ளேயே வைத்து டாங்கியை விளிம்பு வரை நிரப்பினான். வழிந்ததைக் கையால் வழித்துவிட்டான். “தம்பி, வெளிய கொண்டுபோயித் தொடச்சுக் காயவை” என்றேன். “சாமி காரியத்துல குறுக்க பேசாதீங்கண்ணே” என்று சொல்லி, டாங்கியின் மேலேயே எலுமிச்சம்பழத்தை வைத்து, அதன் மேல் கற்பூரத்தைக் கொளுத்தினான். பழம் உருண்டது. அடுத்த நொடி தீ அவன் முகம் வரை எழும்பியது. நானும் முனியாண்டியும் வாளி வாளியாக மணலை வாரிக் கொட்டி அணைத்தோம். அவனுக்கு இரண்டு புருவமும் முன்மயிரும் போய்விட்டன. உயிரோடு இருக்கிறோம் என்று தெரிந்ததும் அவன் பேசிய முதல் பேச்சு இது.

“ஒங்க வாயிதாண்ணே பலிச்சிருச்சு.”

மூன்றாவது கடுதாசி

மூன்று நாளைக்கு யாரும் எந்த மெஷினையும் தொடக்கூடாது என்று உத்தரவு வந்தது. நாலாம் நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவர் ஒரு மலாய்க்கார அம்மா. மேசையில் மூன்றாவது கடுதாசி தயாராக இருந்தது. எரிந்தது என் மெஷினாம். நான் பெட்ரோலை நிரப்பி மூடியைச் சரியாகத் திருகாமல் வைத்தேனாம். பக்கத்தில் நின்ற குணா என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தக் கோபத்தில் எனக்கு மலாய் வரவில்லை. ஸ்டோருக்குப் போய் என் மெஷினைத் தூக்கிவந்து அவர் மேசை மேல் வைத்தேன். பெயிண்டில் எழுதிய என் நம்பர் அதில் இருந்தது. மூடியையும் டாங்கியையும் சேர்த்துப் பூசிய சந்தனம் காய்ந்து, கீறல் இல்லாமல் அப்படியே இருந்தது. அவர் கண் முன்னால் திருகினேன். சந்தனம் உதிர்ந்தது. உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. பத்து நிமிஷக் கதையை முனியாண்டி மலாயில் எடுத்துச் சொன்னான். அவர் மூன்றாவது கடுதாசியை நாலாகக் கிழித்துவிட்டு, ஆளுக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடு என்று குணாவுக்கு உத்தரவு போட்டார். திங்கட்கிழமை காலையில், மையால் வரைந்த புருவத்தோடு குணா எங்கள் முன்னால் வந்து நின்றான். என்னைப் பார்த்தே ஆரம்பித்தான்.

“சூடா இருக்கறப்ப எண்ணெ ஊத்தக்கூடாதுண்ணே. பத்து நிமிஷம் ஆறவிடணும். இதுகூடத் தெரியாம எட்டு வருஷமா என்னா வேல பாத்தீங்க?”

அந்தப் பத்து நிமிஷம் இப்போது குணாவின் கையெழுத்தோடு ஸ்டோர் சுவரில் சட்டமாகத் தொங்குகிறது. அதே பத்து நிமிஷம் உட்கார்ந்ததற்கு எனக்கு வந்த முதல் கடுதாசியோ ஆபீஸ் கோப்பில் இன்னும் கிழியாமல் இருக்கிறது.