சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள்

நான் சொன்னது பொய். அதை நம்பி ஒருத்தி தன் வலது கையை இழந்தாள்.

மட்டாஞ்சேரியில், ஹோட்டல் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தரும் சலவைக்கூடத்தில் இருபது வருடமாக வேலை செய்கிறேன். ஈர விரிப்பைச் சூடான உருளைக்குள் கொடுத்தால் தேய்த்து மறுபக்கம் தள்ளும் இயந்திரம் என்னுடையது. ஆபத்தில் அழுத்த அதில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அது பழுதாகி வருடக்கணக்காகியிருந்தது.

புதியவர்களை ஒரு வாரம் என் பக்கத்தில் நிறுத்துவார்கள். "கை மாட்டினா பட்டனைத் தேடாதே, அது செத்துப் போச்சு. கத்து. சுவர் சுவிட்சை நான் அணைக்கிறேன்" என்று காதோடு சொல்லிவிடுவேன்.

பிறகு செயலி வந்தது. புதியவர்கள் போனிலேயே இயந்திரத்தைப் பழக வேண்டுமாம். அதை வடிவமைக்கக் களமசேரியிலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். மூன்று நாள் நான் செய்வதையெல்லாம் படம் பிடித்தாள். தமிழ்க் குரலுக்கும் நான்தான். பத்தாவது படித்தவள், திக்காமல் வாசிப்பேன்.

"இவங்க வாய் திறந்தே நாங்க பாத்ததில்ல. இப்ப மொபைலுக்குள்ள கேறிப் பேசப் போறாங்க" என்று மேற்பார்வையாளர் சிரித்தார்.

'ஆபத்து என்றால் சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். இயந்திரம் உடனே நிற்கும்.'

அந்த வரியை மூன்று முறை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். "ஏதெங்கிலும் விட்டுப் போயோ சேச்சி?" ஏதாவது விடுபட்டதா என்று மலையாளத்தில் கேட்டாள். மேற்பார்வையாளர் அருகில் நின்றார். இல்லை என்று தலையசைத்தேன்.

பயமா? பயமும்தான். ஆனால் அன்று என் குரலைத் திரும்பப் போட்டுக் காட்டினாள்... எவ்வளவு தெளிவாக இருந்தது! அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. வருகிறவர்களிடம் வழக்கம்போல் காதோடு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

செயலி வந்ததும் அந்த ஒரு வாரத்தை நிறுத்திவிட்டார்கள். என்னை மடிப்பு மேசைக்கு மாற்றினார்கள். கம்பம் ஊரிலிருந்து வந்த ரஞ்சிதம் போனில் பாடம் கேட்டு, இரண்டாம் நாளே உருளை முன் நின்றாள். போய்ச் சொல்லியிருக்கலாம். இருபதடி தூரம்... மதியம் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

விரிப்போடு கை உள்ளே போனபோது அவள் கத்தவில்லை. இடது கையால் பொத்தானை அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். அவள் அலறி, நான் சுவர் சுவிட்சுக்கு ஓடுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மறுநாள் காலைக்குள் பொத்தானைச் சரிசெய்துவிட்டார்கள். விசாரிக்க வந்தவர்கள் அழுத்திப் பார்த்தார்கள். இயந்திரம் உடனே நின்றது. முன்பு பழுதாக இருந்ததா என்று என்னிடமும் கேட்டார்கள். அப்போதும் இல்லையென்று தலையைத்தான் அசைத்தேன்.

முகம் தெரியாத உங்களுக்கு இதை எழுத முடிகிற என்னால் ரஞ்சிதத்திடம் சொல்ல முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமையும் அவள் அறைக்குப் போயிருந்தேன்.

"நீங்க அவ்வளவு தெளிவாச் சொல்லியிருந்தீங்கக்கா. நான்தான் சரியா அழுத்தல போல. இன்னும் எவ்வளவு பலமா அழுத்தியிருக்கணும்?"

"சாயா ஆறுது, குடி" என்றேன்.

இடது கையால் கிளாஸை எடுத்தாள்.