வேரகத்தில் ஆளில்லை

ஒரகடம் பக்கத்து கம்பெனி பஸ்ஸில் நாச்சியாருக்கு இருந்த மவுசு இருக்கிறதே, அடேயப்பா, சூப்பர்வைசருக்குக்கூட அது கிடையாது. மதியம் ஷிப்ட் முடிந்து பெண்கள் திமுதிமுவென்று ஏறுவார்கள். யார் எங்கே இடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் நடு ஜன்னலோரம் அவளுக்குத்தான். பஸ் கேட்டைத் தாண்டினதும் யாராவது ஒருத்தி, "ஏட்டி, கப்பல எடு" என்பாள். உடனே கதை கிளம்பிவிடும்.

கதை நடக்கிற இடத்துக்கு வேரகம் என்று பேர். நம் சூரியனைத் தாண்டி, இன்னும் எத்தனையோ சூரியனைத் தாண்டி, எங்கோ சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு கிரகம். முழுக்கக் காடு. மனுஷப் பூண்டு கிடையாது. பஸ்ஸில் இருக்கிற பெண்கள்தான் கப்பலில் வந்து இறங்கியவர்கள். ஒருத்தி கேப்டன், ஒருத்தி டாக்டர், ஒருத்திக்குச் சும்மா தூங்குகிற வேலை. தினமும் சுங்குவார்சத்திரம் வருவதற்குள் அவர்களை ஏதாவது ஓர் ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, நாச்சியார் பையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விடுவாள். மற்றவர்கள் "நாசமாப் போறவளே" என்று ஆசையாகத் திட்டிக்கொண்டே பின்னால் இறங்குவார்கள்.

இது 2010 வாக்கில். நாச்சியார் சங்கரன்கோவில்காரி. பிளஸ் டூ முடித்த கையோடு இங்கே செல்போன் கம்பெனிக்கு வந்துவிட்டாள். போனின் முதுகில் திருகாணி முடுக்குகிற வேலை. லைனில் நிற்கும்போது வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் லைன் லீடர் அம்மா முறைப்பாள். வீட்டுச் சொந்தக்காரரோ வாடகை அறையில் சிரித்தால்கூட மேலேறி வந்து கதவைத் தட்டுவார். ஆளில்லாத ஓர் இடம் அந்தப் பெண்களுக்கு ஏன் அப்படி இனித்தது என்று இதற்கு மேலும் விளக்க வேண்டியதில்லை. அவளோடு ஒரே அறையில் இருந்த செல்லக்கனி அடிக்கடி சொல்வாள்: "மனுச வாடையே இல்லாத எடம்ட்டி. நம்மள ஏன்னு கேக்க ஒரு நாதி கெடையாது. நெனச்சாலே குளுகுளுன்னு இருக்கு."

எல்லாம் சரி, விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவில் பிறந்து, வேப்பமரத்தைத் தவிர வேறு மரத்துக்குப் பேர் தெரியாமல் வளர்ந்தவளுக்குக் காடு எங்கிருந்து வந்தது?

பாத்ரூமிலிருந்து வந்தது. ஆமாம், கம்பெனி பாத்ரூம்தான். அங்கே கழுவித் துடைக்கிற கான்ட்ராக்ட் வேலையில் வடக்குப்பட்டு முனியம்மாள் இருந்தாள். நாற்பதைத் தாண்டிய, குள்ளமான, எப்போதும் வெற்றிலை வாடை அடிக்கிற பெண்பிள்ளை. லைனில் தன் இடத்தில் மாற்றாளை நிற்க வைத்துவிட்டு நாச்சியார் ஓடி வரும்போதெல்லாம் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போடுவாள். "குந்து கண்ணு. காலு எப்டி வீங்கிக் கீது பாரு. லீடரம்மா வந்தா நான் கொரலு குடுக்கிறேன்" என்று வாசலில் காவல் நிற்பாள். நின்றபடியே பேசுவாள்.

"இதே எடத்துல காரச்செடி மண்டிக்கினு கெடந்துச்சு. நான் வாக்கப்பட்டு வந்ததுலேந்து ஆடு மேய்ச்ச எடம். ஆடு மூக்க உறிஞ்சிக்கினு ஒரு பொதராண்ட நின்னுச்சுன்னா, உள்ள பாம்பு கீதுன்னு அர்த்தம்."

"நெசமாவா சித்தி?"

"பின்ன? ஆடு சொன்னா தப்பாது."

மதியம் பஸ்ஸில் பார்த்தால் வேரகத்தின் மரங்கள் ஆபத்து வந்தால் தும்மும். முனியம்மாள் சப்பாத்திக்கள்ளிப் பழத்தைத் தின்று வாய் சிவந்ததைச் சொன்னால், வேரகத்தில் ஒரு பழத்தைத் தின்றவர்களுக்கு நிழல்கூடச் சிவக்கும். பெண்கள் வாயைப் பிளப்பார்கள். "எங்கேருந்துட்டி ஒனக்கு இதெல்லாம் தோணுது?" என்று கேட்டால் நாச்சியார் தோளைக் குலுக்கிக்கொண்டு, "அதுவா வருது" என்பாள். அதுவா வந்ததாம்! முனியம்மாளின் பேரை ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, அவள் அந்த பஸ்ஸில் உச்சரித்ததில்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பி, முனியம்மாள் வழக்கமாக நடந்து போகிற குறுக்குப் பாதையில் தண்ணீர் ஏறிவிட்டது. கான்ட்ராக்ட் ஆட்களைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றக் கூடாது என்பது சட்டம். டிரைவர் தணிகாசலம் இரக்கப்பட்டு, "ஏறு, கூட்டு ரோட்டுல எறக்கி வுடறேன்" என்று தன் பக்கத்தில் இன்ஜின் பெட்டி மேல் உட்காரச் சொன்னார். முனியம்மாள் ஈரப் புடவையை இழுத்துச் சுருட்டிக்கொண்டு, சீட்டில் படாமல் உட்கார்ந்தாள்.

அன்றைக்குக் கப்பலில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. கேப்டனுக்கு நாக்கு வறண்டு, டாக்டருக்கு மயக்கம் வந்து, எங்கே தேடியும் ஒரு சொட்டு இல்லை. நாச்சியார் குரலைத் தணித்தாள். நாளைக்குத்தான் விடை, இன்றைக்கு இதோடு நிறுத்திவிட வேண்டும் என்று அவளுக்குத் திட்டம்.

இன்ஜின் பெட்டியிலிருந்து முனியம்மாள் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. தன் காடு இத்தனை பேர் வாயில் புழங்குவதைக் கேட்ட சந்தோஷத்தில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"கரையான் புத்தாண்ட தோண்டச் சொல்லு கண்ணு! அதுக்குக் கீழதான் தண்ணி கீது."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நாளைய விடை அதுதான். காலையில்தான் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து நாச்சியார் அதைக் கேட்டு வாங்கியிருந்தாள்.

"ஆயாவுக்கு எப்படித் தெரியும்?" என்று செல்லக்கனி கேட்டாள்.

முனியம்மாள், "நான்தானே காத்தால..." என்று ஆரம்பித்தாள்.

நாச்சியாருக்குக் குப்பென்று வியர்த்தது. மானம் போகப் போகிறது, ஜன்னலோரம் போகப் போகிறது. வாய் முந்திக்கொண்டது.

"யாத்தாடி, ஆயாவும் கப்பல்ல ஏறிட்டாளா! ஆயா, அது ஆளில்லாத கிரகம். குப்ப போட ஆளு கெடையாது. கூட்டிப் பெருக்க ஆயா எதுக்கு?"

பஸ் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. சித்தி என்று கூப்பிட்ட அதே வாய்தான் ஆயா என்றது. முனியம்மாள் ஒரு கணம் அவளையே பார்த்தாள். அப்புறம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அவளும் சிரித்தாள். கூட்டு ரோட்டில் இறங்கும்போது, "வரேன் கண்ணு" என்று எப்போதும் போலச் சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பதில் ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் நாச்சியார் பிழைத்திருப்பாள்.

மறுநாள் அவள் பாத்ரூம் பக்கம் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. ஷிப்ட் முழுக்க அடக்கிக்கொண்டு நின்று அடிவயிறு வெட்டி வெட்டி இழுத்தது. தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். என்ன கொடுமை பாருங்கள், ஒரு பொம்பளையின் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு ஒருத்தி தன் உடம்பையே வதைத்துக்கொண்டாள். கதையும் நின்றுபோனது. வாயைத் திறந்தால் தும்முகிற மரமும் சிவந்த நிழலும் வந்து நின்று, எங்களை எங்கே எடுத்தாய் என்று கேட்டன.

முனியம்மாளும் பஸ்ஸுக்கு வரவில்லை. நாச்சியார் மெதுவாகத் தணிகாசலத்திடம் கேட்டாள்.

"கூப்ட்டேன்மா, வரலன்னுட்டுச்சு. முட்டியளவு தண்ணியில நடந்தே போவுது" என்றார் அவர், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

அன்றைக்கே, பஸ் கேட்டைத் தாண்டினதும், நாச்சியார் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  சொல்லிவிட்டாள்.

"எல்லாரும் கேளுங்கட்டி. அந்தக் காடு என்னுது இல்ல. மரம், பழம், தண்ணி, எல்லாம் பாத்ரூம்ல முனியம்மா சித்தி சொன்னது. நான் களவாண்டுட்டேன். அன்னைக்கு அவங்கள அப்படிப் பேசினதும் அத மறைக்கத்தான்."

 செல்லக்கனி களுக்கென்று சிரித்தாள். "கத தீந்துபோச்சுன்னா தீந்துபோச்சுன்னு சொல்லு. அதுக்கு ஆயா தலையிலயா கட்டுவ? நல்லாப் புளுகுதட்டி!"

பஸ் மறுபடியும் சிரித்தது. ஒருத்தியாவது நம்பினாளா என்றால் இல்லை. நாச்சியார் மேலும் மேலும் சத்தியம் செய்ய, அவர்களுக்கு மேலும் மேலும் வேடிக்கையாகிவிட்டது. அவளே சொல்லிக்கொடுத்த இளக்காரம், இனி அவளாலும் திரும்ப எடுக்க முடியாது. உட்கார்ந்து முகத்தை ஷாலால் மூடிக்கொண்டாள்.

அடுத்த நாள் மாற்றாளை நிறுத்திவிட்டு பாத்ரூமுக்குப் போனாள். முனியம்மாள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். வாளியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய்க் காவல் நின்றாள்.

நாச்சியார் உட்காரவில்லை. "சித்தி, நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றதுமே அழுகை வந்துவிட்டது.

"இன்னாத்துக்கு அழுவுற? லீடரம்மாவுக்குக் கேக்கப் போவுது." முனியம்மாள் குரலில் கோபமே இல்லை. "நீ ஒண்ணும் புதுசா சொல்லிடல கண்ணு. இந்தக் கம்பெனிக்கு நெலத்த அளக்க வந்தவங்களும் இத்தத்தான் சொன்னாங்க. இங்க ஆளே கெடையாது, வெறும் காடுன்னாங்க. நான் ஆட்டோட எதுருலதான் நின்னுக்கினு இருந்தேன்."

 நாச்சியார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முனியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சற்றுத் தயங்கி, ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்பவள் போலக் கேட்டாள்.

"ஒன் கெரகத்துல ஆளுதான் கூடாது, சரி. ஆடு ஒரு நாலு அங்க மேயலாமா?"

நாச்சியாரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "மேயலாம் சித்தி" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.