குழாயடி லைனில் எங்கள் செங்கல்

நான் மூன்றாவதோடு நின்றவள். ஆனாலும் லைன் என்கிற இங்கிலீஷ் வார்த்தையை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அண்ணனூரில் ரயில் லைனுக்குப் பக்கத்தில், ஒரே கூரைக்குக் கீழே ஆறு குடித்தனம் இருந்த லைன் வீட்டில் வளர்ந்தவள் நான். கரண்ட் போனால் வருகிறவர் லைன்மேன். ஒரு பையன் ஒரு பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றால் அதற்கும் லைன்தான். இத்தனையிலும் எங்களை ஆட்டிவைத்தது குழாயடி லைன்.

தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். அதற்கு முன்பே ஆளுக்கொரு அடையாளம் வைத்துவிடுவார்கள். ஒருத்திக்கு ஓட்டை வாளி, ஒருத்திக்கு உடைந்த பானை. எங்களுக்குச் சுண்ணாம்பு தடவிய செங்கல். கல் இருந்தால் ஆள் நிற்பதாகக் கணக்கு. கல் இல்லையென்றால் கடைசிக்குத்தான் போக வேண்டும்.

அக்காவைப் பெண் பார்க்க வருகிற நாள். வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. விடிந்ததுமே போய்க் கல்லை வைத்துவிட்டு வந்தேன். முந்தின நாளே வந்திருந்த பூந்தமல்லி மாமா, இரவல் பெஞ்சு ஆடுகிறதென்று அந்தக் கல்லை எடுத்துவந்து முட்டுக் கொடுத்துவிட்டார். அவர் வீட்டில் கிணறு உண்டு. செங்கல் அவருக்கு வெறும் செங்கல். எங்களுக்கு இது தெரியாது.

நானும் அம்மாவும் குடங்களோடு போனால், எங்கள் இடமே இல்லை.

"கல்லு எங்க கீது? காட்டு, உடறேன்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"என் பொண்ணு காலீல வச்சிட்டு வந்துச்சே!" என்றாள் அம்மா.

"வச்ச கல்லு இன்னா, கால் மொளச்சி நடந்து பூட்ச்சா?"

குழாயடியே சிரித்தது. மாப்பிள்ளை வீட்டார் அடுத்த வண்டியில் இறங்கிவிடுவார்கள். வந்தவர்களுக்கு ஒரு வாய் காப்பி கொடுக்க முடியாத வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? அம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று.

முதலில் நின்றது கோடி வீட்டு அத்தை. அவளும் அம்மாவும் ஒரு மாதமாகப் பேசுவதில்லை. ஏனென்று கேட்டால் அம்மா அடுப்பை ஊதப் போய்விடுவாள். அத்தை தன் குடங்களைக் காலால் தள்ளினாள். அம்மாவைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்:

"ஏய், உங்க கொடத்த இங்க வையி."

"உங்களுக்கு அத்தே?"

"எனுக்கு வாணாம். பேசிக்கினு நிக்காத, வையிடி!"

இடத்தை விட்டுக்கொடுத்தவள் கடைசிக்குப் போக வேண்டும், அதுதான் குழாயடிச் சட்டம். அவள் முறை வருவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது.

காப்பி மணத்தது. அக்காவுக்கு அந்த இடமே முடிந்தது. பிள்ளைகளெல்லாம் வாசலில் கூடி மாப்பிள்ளையை எட்டி எட்டிப் பார்த்தோம். அத்தையின் மகள், கோடி வீட்டு அக்கா மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள். எத்தனை தட்டியும் வரவில்லை. சரியான கர்வக்காரி என்று நினைத்துக்கொண்டேன். போன மாதம் அதே மாப்பிள்ளை அவள் கையால் காப்பி வாங்கிக் குடித்துவிட்டு, பதில் சொல்லாமல் போனவர் என்பது எனக்குத் தெரிய வந்தபோது, எனக்கே கல்யாண வயது.